மாதம் 450 புழு எதற்கு? கொழும்பில் ஒரு பச்சோந்திக்குச் சாப்பாடு

நீங்கள் கேட்டது இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, நாலாம் மாடி. வெளிநாடு போன மச்சான் விட்டுப்போன யேமன் பச்சோந்தி ஒன்று, ஆண், வயது பதினான்கு மாதம். கடையில் சூப்பர் வோர்ம் என்ற பெரிய வண்டுப்புழுவை வாங்கி நாளுக்குப் பதினைந்து போடுகிறீர்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மகளின் டியூஷன் காசுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. கல்சியம் தூள் வேறு யானை விலை. இப்போது இரண்டு நாளாக அது வாயே திறக்கவில்லை. செலவைக் குறைத்து, விதவிதமாக, உடம்புக்கு நல்லதாக எதைக் கொடுக்கலாம்?

கடைசிக் கவலையிலிருந்து தொடங்குகிறேன். கண் இரண்டும் விழித்து உருண்டுகொண்டிருக்கிறது, கொப்பை இறுக்கிப் பிடிக்கிறது, நிறம் தெளிவாக இருக்கிறது என்றால் இரண்டு நாள் சாப்பிடாததற்குப் பயப்பட வேண்டாம். வயிறு நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

தீனிக் கணக்குக்கு முன் சட்டம் பற்றி ஒரு சொல். மச்சானிடம் பத்திரங்கள் இருந்தன, கையில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பதில் எழுதுகிறேன். பச்சோந்திகள், காட்டுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, ஆகவே அந்தக் காகிதங்களைத் தொலைத்துவிடாதீர்கள். இதை வாசிக்கும் வேறு யாராவது மன்னார், புத்தளம் பக்கத்து வறண்ட காட்டில் பிடித்த நம்மூர்ப் பச்சோந்தியை வைத்திருந்தால், அவர்களுக்கு என்னிடம் தீனிக் குறிப்பு இல்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். (கொழும்பில் மதில் மேல் தலை சிவக்க நின்று தண்டால் எடுப்பது பச்சோந்தி அல்ல, ஓணான். அதையும் விட்டுவிடுங்கள்.)

சரி, கணக்குக்கு வருவோம். நாளுக்குப் பதினைந்து என்றால் மாதம் 450 புழு. ஒரு வயது தாண்டிய ஆண் யேமன் பச்சோந்திக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் நடுத்தர அளவில் நாலைந்து பூச்சி போதும். ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 75. நீங்கள் இப்போது செலவழிப்பதில் ஆறில் ஐந்து பங்கு அதற்குத் தேவையே இல்லாத சாப்பாடு. புழு விலையைக் குறைக்க வழி தேடுவதற்கு முன், இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குட்டியாக இருக்கும்போது நிலைமை வேறு. ஐந்தாறு மாதம் வரை தினமும் பல தடவை, தின்னத் தின்னப் போட வேண்டும். எலும்பு வளரும் காலம். பிறகு தினம் ஒரு வேளை. வயது ஒன்றானதும் ஒன்றுவிட்டு ஒரு நாள். இந்த மாற்றத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் பச்சோந்தி மாறுவதில்லை. பூச்சி அசைந்தால் நாக்கை நீட்டும். பசியில்தான் நீட்டுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காட்டில் இன்றைக்குக் கிடைத்தது நாளைக்குக் கிடைக்காது. கண்டதைப் பிடித்துவிடு என்பதுதான் அதன் புத்தி.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். ஷார்ஜாவில் வேலை செய்த காலத்தில் என்னிடம் இரண்டு யேமன் பச்சோந்திகள் இருந்தன, ஆண் ஒன்று, பெண் ஒன்று, தனித்தனிக் கூட்டில். பெண்ணுக்கு நான் வைத்த சாப்பாடு கலியாண வீட்டுப் பந்தி. பெண் பச்சோந்தி ஆணைச் சேராமலே முட்டை போடும். சாப்பாடும் சூடும் கூடக்கூட முட்டையின் எண்ணிக்கையும் கூடும். வயிறு முழுக்க முட்டையோடு, போடவும் முடியாமல், என் கண் முன்னாலேயே செத்துப்போனது. நான் காட்டியது பாசம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உங்களுடையது ஆண் என்பதால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் கொழுப்பு ஈரலில் படிவதும் மூட்டுக்களில் கௌட் என்ற வாத வீக்கம் வருவதும் ஆணுக்கும் உண்டு. தலைக் கொண்டையின் இரு பக்கமும் உப்பி மினுமினுத்தால் கொழுத்துவிட்டது என்று அர்த்தம். குழி விழுந்து போனால் இளைத்துவிட்டது.

நீங்கள் போடுவது என்ன என்பது அடுத்த விஷயம். சூப்பர் வோர்மை வாஸ்து மீனுக்கு வாங்குகிறார்கள், பறவைக்கு வாங்குகிறார்கள், கடையில் எப்போதும் கிடைக்கிறது. அதனால் நீங்களும் அதையே வாங்கியிருக்கிறீர்கள். அதில் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட பதினெட்டு வீதம். கல்சியத்தைப் போலப் பதின்மூன்று மடங்கு பொஸ்பரஸ். மீல் வோர்ம் என்ற சின்ன வண்டுப்புழு அதைவிட மோசம், பதினேழு மடங்கு. கிரிக்கெட் பூச்சியில் ஏழு மடங்கு. பச்சோந்திக்கு வேண்டியது இதன் தலைகீழ்: பொஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கல்சியம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு. பொஸ்பரஸ் மிஞ்சினால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கழற்றி எடுக்கும். கால் வளைவதும், தாடை ரப்பர் போல ஆவதும், நாக்கு பாதி தூரம் போய்த் தொங்குவதும் அதனால்தான்.

அதனால் சூப்பர் வோர்மை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறையுங்கள். நம் வீட்டில் தொதல் மாதிரி, ஆசைக்கு ஒரு துண்டு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பச்சோந்தியின் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதைக் குறைத்து, பூச்சியின் சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள். பூச்சி ஒரு கொழுக்கட்டை மாதிரி. மேல் மாவில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே என்ன வைத்தீர்கள் என்பதுதான் சங்கதி. கடையில் தவிட்டுக்குள் பட்டினி கிடந்த புழு, உள்ளே ஒன்றும் வைக்காத கொழுக்கட்டை. வாங்கியதும் அப்படியே போடாமல் இரண்டு நாள் வீட்டில் வைத்து நன்றாகச் சாப்பிடவிட்டு, வயிறு நிரம்பிய நேரத்தில் போட்டால் அதே காசுக்கு வேறு சாப்பாடு.

அந்த இரண்டு நாள் சாப்பாட்டுக்குக் காசு தேவையில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் நீங்கள் வாங்கும் மரக்கறியில் கழித்துப் போடுவதே போதும். நான் முதலில் வைப்பது முருங்கை இலை. நூறு கிராமில் 440 மில்லிகிராம் கல்சியம், பொஸ்பரஸ் 70 மட்டும். அகத்தி இலை கிடைத்தால் இன்னும் விசேஷம், 1130 மில்லிகிராம். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வரும்போது ஒரு கட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். நிழலில் காயவைத்து நொறுக்கிப் போத்தலில் அடைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இவற்றோடு கரட் தோல், பூசணித் துண்டு, வற்றாளங்கிழங்கு, பப்பாசி என்று மாற்றி மாற்றி. மஞ்சளும் செம்மஞ்சளுமான மரக்கறிகள் நிறச்சத்துக்காக. உலர்தீனியாகக் குரக்கன் மா. தானியங்களில் குரக்கன் மட்டும் நூறு கிராமுக்கு 344 மில்லிகிராம் கல்சியம் வைத்திருக்கிறது. நான் குரக்கன் மாவையும் நொறுக்கிய முருங்கை இலையையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு மூடியில் வைத்துவிடுவேன். பூச்சிகள் இரவோடு இரவாக அதைக் காலி செய்துவிடும்.

பசளி வேண்டாம். அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கோவா, லெட்டியூஸ் இரண்டும் தண்ணீர்தான். மீன், இறைச்சி, நாய்ச் சாப்பாடு போன்ற புரதம் கூடியவை பூச்சியைக் கொழுக்க வைக்கும், பச்சோந்திக்குக் கௌட்டைக் கொண்டுவரும்.

மரக்கறிக்கு அடித்த மருந்து பற்றிக் கேட்பீர்கள். நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், தோல் உள்ளதைச் சீவுங்கள். நான் புதிதாக ஒரு கட்டுக் கீரை வாங்கினால் முதலில் ஐந்து பூச்சியை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு ஒரு இலை வைத்துப் பார்ப்பேன். மறுநாள் ஐந்தும் துள்ளினால் மற்றவற்றுக்கும் கொடுப்பேன். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையில் தோற்ற கீரையை நாங்களும் சமைப்பதில்லை. மனைவி இப்போது என்னைவிட ஆவலாக வந்து டப்பாவை எட்டிப் பார்க்கிறாள்.

எந்தப் பூச்சி என்ற கேள்விக்கு வருவோம். அன்றாடச் சோறு என்றால் கிரிக்கெட் பூச்சிதான், நம் ஊரில் சில்லூறு என்போமே, அது. வீட்டில் வளர்க்கக் கொழும்பைப் போல வசதியான ஊர் இல்லை. குளிர்நாட்டில் இதற்கு ஹீட்டர் வைக்கிறார்கள். நமக்கு வெளியே முப்பது பாகை சும்மா கிடைக்கிறது. ஐம்பது லீற்றர் அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். மூடியில் பெரிய சதுரம் வெட்டி அதில் கம்பி வலை ஒட்டுங்கள். நுளம்பு வலை போடாதீர்கள், ஒரே இரவில் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளே முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்குங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். தண்ணீர்ப் பாத்திரம் வேண்டாம், விழுந்து சாகும். கரட் துண்டோ தோடம்பழச் சுளையோ போதும். முட்டையிட ஒரு தயிர்ச் சட்டியில் ஈரத் தும்புத்தூள். பெண் பூச்சி பின்னாலிருக்கும் ஊசியைத் தூளுக்குள் இறக்கி முட்டை வைக்கும். ஒரு வாரம் கழித்துச் சட்டியை எடுத்து வேறு பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் தாய்மாரே தோண்டித் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்குள் எறும்பு அளவில் குஞ்சுகள் பொரிக்கும். ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடும்.

இங்கே தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். கொழும்புக் காற்றிலேயே போதிய ஈரம் இருக்கிறது, அதில் பழத்தை அழுகவிட்டால் பெட்டி மணக்கும், எல்லாம் ஒரே நாளில் செத்துக் கிடக்கும். மிச்சத்தைத் தினமும் எடுங்கள். அடுத்த எதிரி எறும்பு. பெட்டி வைத்த மேசையின் நாலு காலையும் பழைய மீன் பேணிகளில் நிறுத்தி, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அம்மாமார் பலகாரப் பெட்டிக்குச் செய்ததுதான்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பூச்சி வளர்ந்தால் இரவு முழுக்கக் கத்தும். எங்கள் மேல்மாடி அன்ரி மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட தண்ணிப் பம்ப் கிறீச்சிடுது, ஒயில் விடுங்கோ" என்றார். உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல், ஓம் அன்ரி, விடுறன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு சிறகு முளைத்த ஆண்களை முதலில் எடுத்துத் தீனியாக்கிவிடுவது என் வழக்கம். கத்த நாலைந்து மட்டும் விட்டுவைத்தால் இனப்பெருக்கத்துக்குப் போதும்.

ஆனால் உங்களுக்கு நான் மனதாரச் சொல்வது பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை. இதன் பெயர் தெரியாவிட்டாலும் இதைப் பார்க்காதவர் கொழும்பில் இருக்க மாட்டார்கள். கொம்போஸ்ட் பீப்பாயைத் திறந்தால் தட்டையாக, சாம்பல் வெள்ளையாக நெளியுமே, அதுதான். பூச்சித் தீனிகளில் கல்சியம் பொஸ்பரஸை மிஞ்சுவது அநேகமாக இது ஒன்றில்தான். இரண்டரை மடங்கு கல்சியம். வெளிநாடுகளில் இதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். நாம் பார்த்ததும் "சீ" என்று மூடியை அடைக்கிறோம்.

தெஹிவளையில் தங்கை வீட்டு முற்றத்தில் ஒரு பீப்பாய் இருக்கிறது, நான் அங்கிருந்துதான் முதல் புழுக்களை எடுத்தேன். உங்களுக்கும் முற்றமுள்ள சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். ஒரு கைப்பிடி போதும். பெயின்ற் வாளி ஒன்றில் தும்புத்தூள் கொஞ்சம் போட்டு, மேலே பழத்தோல், மரக்கறிக் கழிவு. பச்சையாக உள்ளது மட்டும். மிஞ்சிய கறி வேண்டாம், உப்பும் தூளும் இருக்கும். மீன் போட்டால் மணம் வரும், பக்கத்து வீடு வரும். நடப்பதைப் பாருங்கள்: காலையில் போட்ட பப்பாசித் தோல் மாலையில் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் புழு வளர்ந்து கடும் மண்ணிறமாகிச் சாப்பிடுவதை நிறுத்தும். பிறகு தானாகவே காய்ந்த இடம் தேடி வாளியை விட்டு ஏறும். ஒரு மரப்பலகையைச் சாய்வாக வைத்து அதன் நுனியில் டப்பா ஒன்றைக் கட்டினால் அவையே வந்து டப்பாவுக்குள் விழும். கை அழுக்காகாத அறுவடை.

வெள்ளையாக இருக்கும்போதே வாரத்தில் ஒரு தடவை ஆறேழு எடுத்துக் கழுவிக் கிண்ணத்தில் வைக்கலாம். தோல் தடிப்பு. சில பச்சோந்திகள் மெல்லாமல் விழுங்கும், அப்படியே மறுபக்கம் முழுசாக வந்துவிடும். எச்சத்தில் முழுப் புழுவைக் கண்டால் அடுத்த தடவை ஊசியால் ஒரு குத்துக் குத்திவிட்டுக் கொடுங்கள். மிச்சத்தைக் கறுக்கவிட்டு, உலர்ந்த தும்புத்தூளோடு போத்தலில் போட்டு வாயை வலையால் கட்டிவையுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குளவி போன்ற கறுப்பு ஈக்கள் வரும். பார்க்கத்தான் குளவி, கொட்டாது, கடிக்காது, சாப்பாட்டில் வந்து இருக்காது. போத்தலைச் சில நிமிடம் பிரிட்ஜில் வைத்து ஈக்களை மந்தமாக்கி, கூட்டுக்குள் நாலைந்தை விடுங்கள். கிண்ணத்துப் புழுவைப் பார்த்து முகத்தைத் திருப்பிய பச்சோந்தி, பறக்கும் ஈயைக் கண்டதும் இருபது வயது இளைஞனாகிவிடும். இரண்டு கண்ணும் ஒன்றாகச் சுழன்று, உடல் முன்னால் சாய்ந்து, உடம்பை மிஞ்சும் நாக்கு ஒரு கணத்தில் போய் வரும். மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மீல் வோர்ம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோழித்தீன் கடையில் கோதுமைத் தவிடு வாங்கி, சட்டியில் லேசாக வறுத்து வண்டு முட்டைகளைக் கொன்று, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டால் தன்பாட்டில் பெருகும். தோல் கழற்றிய நேரத்தில் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் புழுவை மட்டும் எப்போதாவது கொடுங்கள்.

பிறகு ஈசல். ஐப்பசி மழை விட்ட மாலை விளக்கடியில் குவியுமே, ஆண்டுக்கு ஓரிரு தடவை வரும் இலவசப் பந்தி அது. கொழுப்பு கூட, ஆனால் பத்துப் பன்னிரண்டு கொடுத்தால் குற்றமில்லை. உங்கள் கட்டடத்துக்குக் கறையான் மருந்து அடித்திருக்கிறார்களா என்று முதலில் காவலாளியிடம் கேளுங்கள்.

வெளியில் பிடிக்கும் வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் இதே பயம்தான், கொழும்பில் இன்னும் கூட. டெங்குக் காலத்தில் ஒழுங்கை ஒழுங்கையாகப் புகை அடிக்கிறார்கள். அந்தப் புகைக்கு நுளம்பு மட்டும்தான் சாகும் என்றில்லை. அரைகுறையாக மயங்கிய பூச்சிதான் நம் கைக்கு இலகுவாக அகப்படும், அதற்குள்தான் மருந்தும் இருக்கும். ஒருமுறை ஜன்னலைச் சாத்த மறந்து, என் கிரிக்கெட் பெட்டி இரண்டும் அரை மணி நேரத்தில் மயானமாகின. புகை வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் பெட்டிகளை உள்ளே எடுப்பது அன்றிலிருந்து பழகிவிட்டது. நுளம்புச் சுருளும் அதே அறையில் கூடாது.

கொடுக்கவே கூடாதவை சில. மின்மினிப்பூச்சி ஒன்றே ஒன்று போதும் உயிரை எடுக்க. எருக்கலையிலும் அலரியிலும் மேயும் புழுக்கள் அந்தச் செடிகளின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். மயிர்ப்புழு எதுவும் வேண்டாம், முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் மசுக்குட்டி உட்பட. குசினிக் கரப்பொத்தானைப் பலர் சிபாரிசு செய்வார்கள்; அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? பல்லியும் வேண்டாம், குடற்புழு வரும். வெளிநாட்டவர் புகழும் டூபியா கரப்பானைத் தபாலில் எடுப்பிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அனுமதியில்லாமல் உயிர்ப்பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம். தவிர, மேலே சொன்ன கிரிக்கெட்டும் சோல்ஜர் ஈயும் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

யேமன் பச்சோந்தியில் உங்களுக்கு இன்னுமொரு லாபம், மற்றப் பெரும்பாலான பச்சோந்திகளைப் போலன்றி இது இலையும் தின்னும். செவ்வரத்தை ஒன்றைச் சாடியில் வைத்துக் கூட்டுக்குள் விட்டுவிடுங்கள். இலையையும் கடிக்கும், பூவை இன்னும் விரும்பிக் கடிக்கும். நாற்று மேடையில் வாங்கிய செடி என்றால் மருந்து அடித்திருப்பார்கள். இலையைக் கழுவி, ஓரிரு மாதம் பல்கனியில் வைத்துப் புதுத் துளிர் வந்தபின் உள்ளே எடுங்கள். பக்கத்து வீட்டு மதிலில் கொப்பு ஒடித்து நட்டால் அந்தக் காத்திருப்பும் மிச்சம், காசும் மிச்சம்.

கல்சியம் தூளுக்கு வருவோம். 2022 இல் டொலர் இல்லாமல் எல்லாம் தட்டுப்பட்ட நேரத்தில், என் குருவிகளுக்கு வாங்கும் தூள் எந்தக் கடையிலும் இல்லை. அப்போது கைகொடுத்தது கணவாய் ஓடு. சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் கேட்டால் எடுத்துப் போகச் சொல்வார். இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுங்கள். பத்து நிமிடம் அவித்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். மேல் வெள்ளையை மட்டும் சுரண்டிக் கிரைண்டரில் அடித்து, அரிதட்டில் அரித்து, பிறகு மெல்லிய துணியில் இன்னொரு தடவை. முகத்துக்குப் பூசும் பவுடர் பதத்துக்கு வர வேண்டும், அப்போதுதான் பூச்சியில் ஒட்டும். அதில் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று, கடைத்தூளிலும் அதேதான். பூச்சியை ஒரு பைக்குள் போட்டு ஒரு சிட்டிகை தூவி ஆட்டி, மெல்லிய படலமாகப் படிந்ததும் கொடுங்கள். மா பிரட்டிய மீன்துண்டு போலப் போட்டால் வாயில் வைக்காது.

இதில் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. விற்றமின் டீ3 உள்ள கல்சியமும், விற்றமின் ஏ உள்ள பல்சத்துத் தூளும் மாதம் இரண்டு தடவை வேண்டும், அவற்றை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் மாதம் இரண்டு சிட்டிகை என்றால் ஒரு சிறு போத்தல் காலாவதியாகும் வரை வரும். "சத்துத்தானே" என்று தினமும் போட்டால் இந்த இரண்டும் உடம்பில் தேங்கி நஞ்சாகும்.

கல்சியம் உடம்பில் பிடிக்க யூவீபீ என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். விளக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. ஒளி தெரிந்தாலும் அந்தக் கதிர் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் குறைந்துவிடும். வெயில் நாட்களில் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் அரை மணி நேரம் கம்பிக் கூட்டோடு பல்கனியில் வையுங்கள். கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை, அதனால் ஜன்னலோரம் வைப்பதில் பயனில்லை. கூட்டில் பாதி நிழலாக இருக்க வேண்டும். நிறம் வெளிறி வாயைத் திறந்தால் உடனே உள்ளே. அரை மணி நேரமும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக் காகங்களை எனக்குத் தெரியும். கம்பிக்கு வெளியே நீட்டிய வாலைக்கூட விடாது.

தண்ணீர் சுலபம். பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரை அது குடிக்காது, இலையில் விழும் துளியைத்தான் நக்கும். பாமசியில் சேலைன் குழாய் ஒன்று வாங்கி, போத்தலில் பொருத்தி, செவ்வரத்தை இலையில் சொட்டவிடுங்கள். காலையும் மாலையும் தெளிப்பு, நடுவில் எல்லாம் காய வேண்டும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி செம்மஞ்சளாக மாறினால் தண்ணீர் போதவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: இன்றும் நாளையும் ஒன்றும் போடாதீர்கள், தண்ணீர் மட்டும். அதற்கு அடுத்த நாள் முருங்கை இலை தின்ற கிரிக்கெட் மூன்று, கூட்டுக்குள் நடமாடவிட்டு. கிண்ணத்தில் வேண்டாம், கொப்பில் ஏறிப்போகட்டும். ஒரு வாரம் கடந்தும் தொடவில்லை, அல்லது கண்ணைப் பகலில் மூடிக்கொள்கிறது, நாக்கு குறி தவறுகிறது, கால் நடுங்குகிறது என்றால் பூச்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கடிதத்தின் அடியில் மகள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ஒரே சாப்பாடு என்றால் அதுக்கு அலுக்காதா அங்கிள்?" அலுக்கும், மகள். அலுத்தால் வாரக்கணக்கில் உண்ணாவிரதம்கூட இருக்கும். ஒரு நாள் கிரிக்கெட், ஒரு நாள் ஈ, ஒரு நாள் நீயே பறித்த செவ்வரத்தைப் பூ என்று நீதான் அட்டவணை போட வேண்டும். பூச்சிப் பெட்டியைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடு. சித்திரைக்கு ஊருக்குப் போவதென்றால் மூன்று நாள் அது சாப்பிடாமல் இருக்கும், ஆனால் யாராவது வந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அப்பாவிடம் கொடுக்காதே, மறந்துவிடுவார்.